ஆக்டின் வலையில் அறுந்தது இழையா, பிணைப்பா? ரியோமீட்டரில் கண்டறியும் முறை

ஆக்டின் என்பது செல்லுக்குள் இழைகளாகக் கோக்கும் புரதம். அதன் வலைக்கு ரியோமீட்டரில் (பொருளைத் திருகி விறைப்பை அளக்கும் கருவி) பெருந்திரிபு (பெரிய உருமாற்றம்) கொடுத்ததும் மீள்குணகம் (விறைப்பின் அளவு) சரிந்தால் 'இழை அறுந்துவிட்டது' என்று எழுதிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது தவறு. இழைகளை ஒன்றோடொன்று கட்டும் புரதமான ஆல்ஃபா-ஆக்டினின் பிணைப்பு சில பத்து பிக்கோநியூட்டனிலேயே கழன்றுவிடும். ஆக்டின் இழை அறுபட நூற்றுக்கணக்கில் வேண்டும்.

இழை அறுந்தால் குட்டையாகும். ஆகவே முதலில் குட்டை இழை வலை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும். இழை நீளத்தை, இழையை வெட்டி நுனியை மூடும் ஜெல்சோலின் புரதம் கொண்டு அமைக்கலாம். ஒரு மைக்ரோமீட்டர் இழையில் சுமார் 370 ஆக்டின் மூலக்கூறுகள். ஆகவே ஜெல்சோலின்-ஆக்டின் விகிதம் 1:370 என்றால் சராசரி நீளம் 1 மைக்ரோமீட்டர். 1:3700 என்றால் 10. ஆக்டின் 24 மைக்ரோமோலார் (மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம்) எனில் ஜெல்சோலின் முறையே 65, 6.5 நானோமோலார்.

பஃபரில் 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, ஏடிபி, 0.2 மில்லிமோலார் கால்சியம். வழக்கமான செய்முறையில் வரும், கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈஜிடிஏவை இங்கே போடாதீர்கள். கால்சியம் இல்லாமல் ஜெல்சோலின் வேலை செய்யாது. அதே காரணத்தால் கால்சியத்துக்கு அசையாத தசை வகை ஆல்ஃபா-ஆக்டினினே உதவும்; ஆக்டினோடு 1:50 விகிதம் போதும்.

இழை கட்டவைக்கும் உப்பைக் கடைசியில் சேர்த்து, உடனே தட்டில் ஊற்றுங்கள். ஜெல்சோலின் கருவாக்கத்தை (இழை உருவாகத் தொடங்குவதை) முடுக்குவதால் தாமதித்தால் குழாயிலேயே வலை கட்டிவிடும். அதன்பின் பிப்பெட்டில் உறிஞ்சினால் உறிஞ்சலே இழைகளை நறுக்கிவிடும். விளிம்பைச் சுற்றி மினரல் ஆயில் விடுங்கள். காற்றுப் பரப்பில் புரதம் படலமாகப் படிந்தால், வலைக்கு இல்லாத விறைப்பைக் கருவி காட்டும்.

1% திரிபு, 0.5 ஹெர்ட்ஸில் குணகம் நிலைக்கும்வரை காத்திருங்கள். பின் திரிபைக் கூட்டிக்கொண்டே போய், குணகம் உச்சம் தொட்டுச் சரிந்ததும் மறுபடி 1%-க்கு இறக்கி, அரைமணி நேரம் பதிவு செய்யுங்கள். சரிந்தது சில நிமிடத்தில் மீண்டால் கழன்ற பிணைப்புகள் திரும்ப ஒட்டியுள்ளன என்று பொருள். மீளாத பகுதிதான் சந்தேகத்துக்குரியது. ஆனால் தட்டோடு ஒட்டு விட்டு வழுக்கினாலும் குணகம் இறங்கும். தட்டு இடைவெளியை மாற்றி இன்னொரு முறை அளந்தால் வழுக்கல் பிடிபடும்.

உறுதிப்படுத்த, எளிதில் கழலாத பயோட்டின்-ஸ்ட்ரெப்டவிடின் பிணைப்போடு இதே ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். மீளாத இழப்பு அங்கே கூடினால் இழை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முடிவில், நுனி வெட்டிய பிப்பெட்டால் மெல்ல எடுத்து, இழையில் ஒட்டும் ஒளிரும் ஃபாலாய்டின் சேர்த்து நுண்ணோக்கியில் நீளம் அளக்கலாம். ஆக்சிஜனை நீக்க குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ், குளுக்கோஸ் சேர்க்காமல் விளக்கைப் போட்டால் ஒளியே இழையை அறுக்கும். திரிபு கொடுக்காத மாதிரியையும் அதே கையால், அதே நுனியால் எடுத்து ஒப்பிடுங்கள். எடுக்கும்போது அறுந்தது எவ்வளவு என்பது அதில்தான் தெரியும்.