பாய்லர் ஒழுகுகிறதா? வாடகைக்கு இருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

முதல் தவறை நானே செய்தேன். லண்டன் ஹாரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வெந்நீரும் அறைகளுக்குச் சூடும் தரும் கேஸ் பாய்லர் சமையலறை அலமாரிக்குள் சுவரில் மாட்டியிருக்கும். ஒரு டிசம்பர் இரவு அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. கைக்குக் கிடைத்த சாம்பார் சட்டியை எடுத்து அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சட்டியில் ஒரு விரற்கடை தண்ணீர், வெளிறிய தேநீர் நிறத்தில். கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். இப்படியே பதினொரு நாள் ஓட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் அலமாரிக் கதவு மூடவில்லை. அடிப்பலகை தண்ணீர் குடித்து ஊறி, நனைந்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. அப்போதுதான் உரிமையாளர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து ஒழுகுகிறது?" உண்மையைச் சொன்னேன். "சரி, பாய்லரைப் பார்த்துக்கொள்கிறோம். பலகைக்கான செலவு உங்களுடையது" என்றார்கள்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் இருக்கிறது. அதன் 11ஆவது பிரிவின்படி தண்ணீர், கேஸ், மின்சாரம், ஹீட்டிங், வெந்நீர் ஆகியவற்றுக்கான கருவிகளைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் வேலை. வழக்கமான வாடகை ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் "பாய்லர் ரிப்பேர் வாடகைதாரர் பொறுப்பு" என்று எழுதி வைத்தாலும் செல்லாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கோளாறு அவருக்குத் தெரிந்த பிறகுதான் அந்தக் கடமை தொடங்குகிறது. நாம் சொல்லாதவரை அவர் பொறுப்பு உறங்கிக்கொண்டிருக்கும். சொல்லாமல் விட்டதால் சேதம் வளர்ந்தால், வளர்ந்த பங்கை டெபாசிட்டிலிருந்து கேட்க அவருக்கு இடம் கிடைத்துவிடும்.

(வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்தை வைத்து.)

போனில் மட்டும் சொல்லிவிட்டு விடுவது இந்தத் தவறின் தம்பி. நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா இருபது வருடம் வாடகை வீடுகளில் இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும், "தம்பி, போனில சொன்னதுக்கு என்ன சாட்சி? படம் எடுத்து ஈமெயில் போடுங்கோ" என்றார். அதே நாளில் போட்டேன். எப்போது தொடங்கியது, எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது, ஹீட்டிங் ஓடுகிறதா, வீட்டில் கைக்குழந்தை இருப்பது, கூடவே நான்கு படங்கள், சொட்டு விழும் பத்து விநாடி வீடியோ. ஏஜென்ட் போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "இன்று நீங்கள் சொன்னது இது" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பும் எழுத்துதான், ஆனால் ஆறு மாதம் கழித்துத் தேடி எடுக்க ஈமெயில்தான் எளிது.

அடுத்தது, நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. பாய்லரில் பிரஷர் குறைந்தால் தண்ணீர் ஏற்றுவது, மறுபடி குறைந்தால் மறுபடி ஏற்றுவது. இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிக் கசிவுகளின் கதை இதில்தான் இருக்கிறது.

ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ஒரே கருவியில் தரும் காம்பி பாய்லரின் முகப்பில், பிரஷரைக் காட்ட ஒரு சின்ன வட்டக் கடிகாரம் போல் இருக்கும், அல்லது திரையில் எண் வரும். ஹீட்டிங் ஓடாமல் ஆறியிருக்கும்போது அது 1 முதல் 1.5 பார் (பிரஷரின் அளவு) வரை காட்ட வேண்டும். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீர் சூடானால் விரியும். அப்படி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் இருக்கிறது. இரும்பு டப்பா, நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. வருடங்கள் போகப் போக அந்தக் காற்று இறங்கிவிடும், அல்லது சவ்வு கிழியும். அப்புறம் விரியும் தண்ணீருக்குப் போக இடமில்லை. ஹீட்டிங் போட்டதும் முள் 2, 2.5 என்று ஏறி 3 பாரைத் தொடும். அங்கே பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே துப்பும். துப்பும் வழி, வீட்டுக்கு வெளியே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செப்புக் குழாய். இரவு ஹீட்டிங் நின்று ஆறியதும் முள் 0.5க்கு விழும். காலையில் பாய்லர் ஓடாது. நாம் போய், மெயின் தண்ணீரை உள்ளே விடும் குழாயான ஃபில்லிங் லூப்பை அடியில் திறந்து தண்ணீர் ஏற்றுவோம். மாலையில் அதே கதை.

எங்கள் வீட்டிலும் இதுதான். வெளியே போய்ப் பார்த்தபோது அந்தச் செப்புக் குழாயின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே செங்கல் சுவர் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. பாசி பிடிக்கும் அளவுக்கு நாள் ஆகியிருக்கிறது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. உள்ளே சட்டியில் விழுந்தது அதன் உபயம்: ஏறி ஏறி இறங்கிய பிரஷரில் ஒரு இணைப்பின் வாஷர் தளர்ந்திருந்தது. அந்த வால்வு இப்படிச் சில முறை துப்பிவிட்டால், அதன் வாயில் துரு மண் சிக்கிக்கொண்டு சரியாக மூடாமலும் போகும். அப்புறம் பிரஷர் ஏறாமலே சொட்டும்.

ஒரு தடவை தண்ணீர் ஏற்றுவதில் தப்பில்லை. பாய்லர் கையேடே அதைச் சொல்லும். வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் உள்ளே போவதால் ரேடியேட்டர்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அந்தத் துருதான் கறுப்புச் சேறாகி பம்பையும், தண்ணீரைச் சூடாக்கும் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அடைக்கிறது. ஏற்றிய பிறகு ஃபில்லிங் லூப்பின் திருகுகளைச் சரியாக மூடாமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. மெயின் குழாய்த் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வால்வு துப்பிக்கொண்டே இருக்கும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் முள்ளைப் படம் எடுத்து வையுங்கள், சூட்டில் ஒன்று, ஆறிய பிறகு ஒன்று. வருகிற இன்ஜினியருக்கு அந்த இரண்டு படங்கள் போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

எல்லாச் சொட்டும் கசிவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பொருத்திய கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகை. புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. குளிர்ந்த நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வடிகாலுக்குப் போகும். அது வடிவது இயல்பு. கடும் பனியில் வெளியே இருக்கும் அந்தக் குழாய் உறைந்துவிட்டால், பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயின் மேல் ஊற்றலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும், வழியும் தண்ணீர் நடைபாதையில் உறைந்து யாரையாவது விழத்தட்டும். அந்தக் குழாயின் இணைப்பு வீட்டுக்குள்ளேயே சொட்டினால் அது கசிவுதான். அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது, விட்டுவைத்தால் பாய்லரின் உலோகத்தையே அரிக்கும்.

தண்ணீர் சொட்டாக இல்லாமல் கொட்டினால்? பலர் ஓடிப்போய், வீட்டுக்கு வரும் மெயின் தண்ணீரை நிறுத்தும் திருகான ஸ்டாப்காக்கை மூடிவிட்டு ஒழுக்கு நிற்கவில்லையே என்று திகைப்பார்கள். மூடுவது சரிதான். ஸ்டாப்காக் வழக்கமாகச் சமையலறை ஸிங்குக்கு அடியில் இருக்கும், வலப்பக்கமாகத் திருக வேண்டும். ஆனால் ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீர் தனி வட்டம். மெயினை மூடினாலும் உள்ளே இருப்பது வடியும்வரை வடியும். வாளி, துண்டு, பொறுமை. பாய்லருக்கென்று பக்கத்தில் தனி சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சுவிட்சே நனைந்திருந்தால் தொடாமல் மெயின் ஃபியூஸ் பாக்ஸில் அணையுங்கள். மாடி வீட்டில் இருந்தால் கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் கூரையில் கறை தெரிந்த பிறகு சொல்வதைவிட அது மரியாதை. கேஸ் வாசனை வந்தால் கதை வேறு: சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999க்குப் போன் செய்ய வேண்டும். ஏஜென்டுக்கெல்லாம் அப்புறம் சொல்லலாம்.

பாய்லரின் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். யூடியூபில் அண்ணன் ஒருவர் அஞ்சு நிமிஷத்தில் கழற்றிக் காட்டுவார். பல பாய்லர்களில் அந்த மூடியே புகை வீட்டுக்குள் வராமல் காக்கும் அடைப்பின் பகுதி. சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரலாம், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது உரிமையாளரின் கடமை. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

செலவைக் குறைக்க உரிமையாளர் "தெரிந்த பையனை" அனுப்புவதும் நடக்கும். எங்களுக்கும் முதலில் ஒருவர் வந்தார், கையில் ஒரு டேப் சுருள். கேஸ் சேஃப் கார்டு கேட்டேன், வண்டியில் இருக்கிறது என்றார். வண்டிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிந்தவர்தான் கேஸ் பாய்லரில் வேலை செய்யலாம், 2009 வரை இதன் இடத்தில் கார்கி என்ற பதிவேடு இருந்தது. கார்டின் முன்பக்கம் படமும் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும், பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய கேஸ் பாதுகாப்புச் சோதனையின் சான்றிதழையும் கேட்டு வாங்கலாம். சோதனை முடிந்த 28 நாளுக்குள் உங்களிடம் ஒரு பிரதி தர வேண்டும் என்பது சட்டம்.

அதேபோல, ஆள் வரும் நாளில் "லீவு கிடைக்கவில்லை" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டால், தாமதத்தின் பழி நம் தலையில் விழும். வர முடியாவிட்டால் மாற்று நேரத்தை எழுதிக் கொடுங்கள்.

இனி, கோபத்தில் செய்யும் தவறு. பதில் வரவில்லை, வீடு குளிர்கிறது, "வாடகையை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். அது பழுது வழக்கை வாடகை பாக்கி வழக்காக மாற்றிவிடும். போதிய மாதங்கள் பாக்கி சேர்ந்தால் காலி செய்ய உத்தரவு போடுவதைத் தவிர நீதிபதிக்கே வேறு வழி இல்லாமல் போகலாம். முன்கூட்டி எழுதி, மதிப்பீடுகள் வாங்கி, அவகாசம் கொடுத்து, பிறகு ரிப்பேர் செலவை மட்டும் வாடகையில் கழிக்கும் பழைய நீதிமன்ற வழி ஒன்று உண்டு. ஆனால் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்பிடம் கேட்காமல் அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிடப் பலன் தருவது கவுன்சில், அதாவது உங்கள் பகுதியின் உள்ளாட்சி. சட்டத்தில் இத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று தனியார் வீட்டுக்காரருக்கு எண் எதுவும் இல்லை, "நியாயமான காலம்" என்றுதான் இருக்கிறது. டிசம்பரில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் காலம் மிகக் குறுகியது. எழுதியும் நடக்காவிட்டால் கவுன்சிலின் வீட்டுத் தரப் பிரிவுக்கு ஈமெயில்களின் பிரதியோடு எழுதுங்கள். அவர்கள் வந்து பார்த்து, சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க முடியும். புகார் செய்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நம்மவர்களுக்கு அதிகம், விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல உதவிய பிரிவு 21, புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் தனியார் வாடகைக்கு இல்லை.

எங்கள் கதை முடிந்தது இப்படி. இரண்டாவதாக வந்த இன்ஜினியர் கார்டைக் கேட்காமலே காட்டினார். எக்ஸ்பான்ஷன் வெசலை மாற்றி, வால்வையும் வாஷரையும் மாற்றினார், இரண்டு மணி நேரம். "ஒரு வாரம் தினமும் காலையில் ஹீட்டிங் போடும் முன் எண்ணைக் குறித்து வையுங்கள்" என்றார். குறித்தேன், ஏழு நாளும் 1.3. பலகை விஷயத்தில் பாதிப் பணம் நான் கொடுத்தேன், பதினொரு நாள் என் கணக்கு.

போகும்போது அவர் சட்டியைப் பார்த்து, ஹீட்டிங் தண்ணீரில் துருப்பிடிக்காமலிருக்க ரசாயனம் கலந்திருக்கும், இதில் சமைக்காதீர்கள் என்றார். என் மனைவி அதை அப்போதே எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டாள். இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது, ஹாரோ குளிரில் இரண்டு இலையோடு.