இருவர், ஒரே வண்டி: பூடானுக்கும் நேபாளத்துக்கும் பைக்கில் போவது எப்படி?

தம்பதியாகப் பைக்கில் நாடு தாண்டத் திட்டமிடுகிறவர்கள் எந்த வண்டி நல்லது, எந்தச் சாலை நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். பயணத்தைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் பின் இருக்கைதான். பின்னால் உட்காருகிறவரின் இடுப்பு வலி, பின் அச்சுக்கு அப்பால் ஏற்றிய சுமை, அவர் பெயரில் குறைகிற ஒரு தாள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே இங்கே சொல்லும் ஒவ்வொரு படியும் பின்னால் உட்காருகிறவரிடமிருந்து தொடங்குகிறது.

படி 1: வழியும் வரிசையும்

சென்னையிலிருந்து வடக்கு எல்லை வரை ஓட்டிக்கொண்டு போனால் மலை ஏறுமுன்பே இருவரும் களைத்துவிடுவீர்கள். வண்டியை மேற்கு வங்கத்தின் நியூ ஜல்பைகுரிக்கு ரயிலில் அனுப்பிவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். நம் எல்லை ஊரான ஜெய்கான், அதை ஒட்டிய பூடான் ஊரான புன்ட்ஷோலிங், பிறகு திம்பு, பாரோ போய்த் திரும்பி, சிலிகுரி வழியாகப் பானிடங்கி எல்லை. அங்கே நேபாளத்துக்குள் நுழைந்து காத்மாண்டு, போக்ரா பார்த்து, சுனௌலியில் வெளியேறி கோரக்பூர். அங்கிருந்து வண்டி மறுபடி ரயிலில்.

பூடானும் நேபாளமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே இந்தியாவுக்குள் வந்துதான் ஆகவேண்டும். பூடானை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம், எல்லாம் தேதி குறித்த அனுமதி. நேபாளத்தில் நாள் கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளிக்கலாம். நேபாளத்தை முதலில் வைத்து, ஒரு நிலச்சரிவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டால், பூடான் முன்பதிவு முழுவதும் குலைந்துவிடும்.

காலம்: அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச், ஏப்ரல். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலச்சரிவு. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை நேபாளத் தராய் சமவெளியில் காலை மூடுபனி, பத்து மணி வரை எதிரே வருவது தெரியாது. நேபாளத்தின் தசைன் திருநாள் அக்டோபர் ஒட்டி வரும். அந்த வாரத்தில் அலுவலகங்கள் மூடியிருக்கும், சாலையிலும் ஊருக்குத் திரும்பும் கூட்டம்.

படி 2: தாள்கள், இருவருக்கும்

இந்தியர்களுக்கு இரு நாட்டுக்கும் விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று நகலாக இல்லாமல் அசலாகவே கையில் இருக்கவேண்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். வாக்காளர் அட்டையில் கணவர் பெயரோடும், ஓட்டுநர் உரிமத்தில் அப்பா இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதியும் இருந்தால் மூன்று பேர் போலத் தெரியும். விண்ணப்பம், ஹோட்டல், காப்பீடு எல்லாவற்றிலும் ஒரே அட்டையில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள்.

வண்டிக்கு: ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. ஆர்.சி. இருவரில் ஒருவர் பெயரில் இருப்பது நல்லது. நண்பருடைய வண்டி என்றால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். இந்திய இன்ஷூரன்ஸ் சாதாரணமாக இந்தியாவோடு நின்றுவிடும். நேபாளம், பூடான் சேர்க்க ‘எல்லை நீட்டிப்பு’ என்ற இணைப்பு உண்டு, பிரீமியம் சிறிதுதான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் நான்கு நகல், ஆளுக்கு ஆறு பாஸ்போர்ட் அளவு போட்டோ. இரண்டு செட்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எடைக் கணக்கு

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் இடம். வண்டிக் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று இருக்கும். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சாமான் மூன்றும் அதற்குள் அடங்கவேண்டும். 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 75, பின்னால் 58, மொத்தம் 133. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் ஆளுக்கு 7, சேர்த்தால் 147. பை மாட்டும் இரும்புச் சட்டமும் காலிப் பைகளும் 10, ஆக 157. மீதி 23 கிலோ. துணி, கருவி, உதிரி, தண்ணீர் எல்லாம் இதற்குள்தான். வீட்டுத் தராசில் ஒவ்வொரு பையையும் நிறுத்துப் பாருங்கள். கண் மதிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும்.

கனமான பொருளைக் கீழே, முன்னே வையுங்கள். கருவிப்பை, டியூப், தண்ணீர் எல்லாம் பக்கப் பைகளின் அடியில், பின்னால் உட்காருபவரின் கால் அருகே. மேல்பெட்டியில் மழைக்கோட்டு, பிஸ்கெட் மாதிரி லேசானவை மட்டும், 5 கிலோவுக்குள். அதற்கு மேல் ஏற்றினால் எடை பின் அச்சுக்குப் பின்னால் நெம்பி முன் சக்கரத்தை இலேசாக்கிவிடும். ஏற்றத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கினால் முதலில் மேல்பெட்டியைத்தான் பார்க்கவேண்டும்.

பக்கப்பைச் சட்டம் மாட்ட இடதுபுறச் சேலை கார்டைக் கழற்றவேண்டி வரும். கழற்றினால் துப்பட்டா, தொங்கும் கயிறு எதுவும் சக்கரத்தருகே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் ஒரு வலை கட்டிவிடுவது இன்னும் நல்லது.

படி 4: இருவருக்கு ஏற்ப வண்டியை மாற்றுவது

பின் ஷாக்: நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் தொங்கும் நிலையில் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். பிறகு இருவரும் முழு உடையோடும் சாமானோடும் ஏறி உட்கார, மூன்றாமவர் ஒருவர் மறுபடி அளக்கட்டும். வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இருக்கவேண்டும். அந்தத் தூரம் 180 மி.மீ. என்றால் 55 முதல் 60. அதைவிட அதிகம் அமுங்கினால் சி ஸ்பேனரால் ப்ரீலோடை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டுங்கள். கடைசி நிலைக்குக் கூட்டியும் அமுங்கினால் சுமை அதிகம் என்று பொருள், சாமானைக் குறைக்கவேண்டும். ப்ரீலோடு கூட்டுவதால் வண்டியின் தாங்கும் சக்தி கூடுவதில்லை.

செயின்: பின்புறம் அமுங்கும்போது செயின் இறுகும். ஆள் இல்லாமல் கச்சிதமாக வைத்த செயின், இருவர் ஏறிப் பள்ளத்தில் விழும்போது கம்பிபோல விறைத்து கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கைத் தின்றுவிடும். கையேடு சொல்லும் தொய்வு அளவில் அதிகப் பக்கமாக வைத்துக்கொண்டு, இருவரும் உட்கார்ந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிஞ்சுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

டயர்: கையேட்டில் இருவருக்கென்று தனிக் காற்றழுத்த அளவு இருக்கும். பின் டயருக்கு அது தனி ஆளுக்கானதைவிடச் சில பி.எஸ்.ஐ. கூடுதல். காலையில், ஓட்டுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முகப்பு விளக்கையும் இறக்கிவையுங்கள். பின்புறம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

உதிரிகள்: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் லிங்க், முன்னும் பின்னும் டியூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்ப். புது கேபிளைப் பழையது போகும் வழியிலேயே அதோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவைத்துவிட்டால், பழையது அறுந்ததும் முனைகளை மட்டும் மாற்றினால் போதும்.

படி 5: இருவரும் பழகிக்கொள்வது

புறப்படுமுன் குறைந்தது இரண்டு முறை, முழுச் சுமையோடு ஒரு நாள் ஓட்டம். ஏலகிரியோ கொல்லிமலையோ, கொண்டை ஊசி வளைவு இருக்கவேண்டும்.

ஏறும் முறை: ஓட்டுபவர் இரண்டு காலும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, “ஏறு” என்று சொன்ன பிறகே மற்றவர் இடப்பக்கமிருந்து ஏறவேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏறாதீர்கள். அத்தனை எடையும் ஒரு போல்ட்டில் விழும். வளைவில் பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் உட்புறத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தாலே உடம்பு தானாகச் சரியான பக்கம் சாயும். இறக்கத்தில் உடல் முன்னே சரியாமல் பக்கக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளவேண்டும். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இன்டர்காம் இருந்தாலும் இதைப் பழகுங்கள், சார்ஜ் தீரும்.

75 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். ஓட்டுபவருக்குக் கைகால் அசைய வேலை இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு இல்லை. அதனால்தான் அவருக்கு முதலில் மரத்துப்போகிறது. சமவெளியில் நாளைக்கு 250 கி.மீ., மலையில் 120 முதல் 150. அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

படி 6: ரயிலில் வண்டி

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை நகல்களோடு பார்சல் ஆபீஸுக்கு ஒரு நாள் முன்பே போங்கள். பெட்ரோலை முழுவதும் இறக்கியாகவேண்டும், சொட்டு இருந்தாலும் ஏற்றமாட்டார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, முகப்பு விளக்குக்கும் டேங்குக்கும் நுரைத்தாள் வைத்துச் சாக்கு கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். டிக்கெட்டோடு லக்கேஜாகப் பதிவு செய்தால் அதே ரயிலில் வர வாய்ப்பு அதிகம். பார்சலாக அனுப்பினால் ஐந்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு எடுக்கத் தாமதித்தால் அதற்குத் தனியே பணம் கட்டவேண்டும்.

படி 7: பூடான்

ஜெய்கானை ஞாயிறு மாலை சேருங்கள். சனி, ஞாயிறு அரசு அலுவலகம் மூடியிருக்கும், வண்டி அனுமதி கிடைக்காது. அறையில் பைகளை வைத்துவிட்டு, திங்கள் காலை இருவருமாகப் புன்ட்ஷோலிங் குடிவரவு அலுவலகம் போங்கள். போட்டோ எடுக்க இருவரும் நேரில் நிற்கவேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் முன்பே நிரப்பி, ஹோட்டல் முன்பதிவை இணைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வண்டிக்கான அனுமதியும் அதற்கான கட்டணமும் தனி.

2022 செப்டம்பரில் எல்லை மீண்டும் திறந்தபோது இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் வந்தது. இருவர் ஐந்து இரவு தங்கினால் 12,000. பூடானின் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு.

புன்ட்ஷோலிங் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், திம்பு 2,300. நடுவே 150 கி.மீ., ஐந்தாறு மணி நேரம். நண்பகலுக்கு மேல் மேகம் இறங்கும், காலை எட்டுக்குள் கிளம்புங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், இருவர் எடையில் பிரேக் எண்ணெய் கொதித்து, லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும். அப்படி ஆனால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

படி 8: நேபாளம்

பானிடங்கியில் மேச்சி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காகர்பிட்டா. இங்கே வேண்டியது ‘பன்சார்’ என்னும் சுங்கச் சீட்டு. ஒருவர் வண்டியருகே நிற்கட்டும், மற்றவர் தாள்களோடு கவுன்டருக்குப் போகட்டும். கட்டணம் நாள் கணக்கில். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்து எண்ணி, அதற்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகக் கட்டுங்கள். நாள் தாண்டினால் அபராதம் அதைவிடப் பலமடங்கு. சுனௌலியில் வெளியேறுவதை இங்கேயே சொல்லிவிடுங்கள். சீட்டில் வண்டி எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று கவுன்டரைவிட்டு நகருமுன் பாருங்கள்.

நம் 100 ரூபாய், நேபாளத்தில் 160. நூறு ரூபாய்த் தாள்களாகவே கொண்டுபோனால் எங்கும் தடையில்லை. கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள்.

காத்மாண்டுக்கு மகேந்திரா நெடுஞ்சாலையில் பர்திபாஸ் வரை, அங்கிருந்து பி.பி. நெடுஞ்சாலை. இது குறுகலானது. 2024 செப்டம்பர் வெள்ளத்தில் பெரிதும் சிதைந்தது. அன்றைய நிலையைப் பர்திபாஸில் லாரிக்காரர்களிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

போக்ராவிலிருந்து 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், அதாவது முக்திநாத் (3,710 மீட்டர்) போக ஆசைப்படுவீர்கள். அதற்கு அன்னபூர்ணா வட்டார அனுமதிச் சீட்டைப் போக்ராவிலேயே வாங்கவேண்டும். பேனிக்கு மேல் சாலையில் கல்லும் ஓடைத் தண்ணீரும். காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் பதினொரு மணிக்கு மேல் எழும்பும் காற்று, பக்கப்பை மாட்டிய வண்டியைத் தள்ளும். அதனால் அதற்கு முன்பே ஜோம்சோம் ஊரைச் சேர்ந்துவிடுங்கள். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியலில் ஏறினால் உடம்புக்கும் நல்லது. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே போகாமல் உடனே இறங்குங்கள். பின்னால் இருப்பவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

சுனௌலியில் பன்சார் சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடித்த பிறகே எல்லையைத் தாண்டவேண்டும். அங்கிருந்து கோரக்பூர் சுமார் 95 கி.மீ. டேங்கில் அந்தத் தூரத்துக்கு மட்டும் பெட்ரோல் போடுங்கள், பார்சல் ஆபீஸ் வாசலில் இறக்குவதற்கு அதிகம் இருக்காது.