மேஸ்திரி தலையில் கட்டிவிட முடியாது: சேலம் கட்டட வேலைகளில் ஆள் உரிமத் தவறுகள்

சேலத்தில் ஒரு அப்பார்ட்மெண்ட் எழும்போது பில்டருக்கும் கலவை சுமக்கும் சித்தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று கைகள் இருக்கும். லேபர் காண்டிராக்ட் எடுத்தவர் ஒருவர். அவரிடமிருந்து சென்ட்ரிங், கம்பி, பூச்சு என்று பிரித்து வாங்கிக்கொண்ட மேஸ்திரிகள் சிலர். ஒப்பந்தத் தொழிலாளரை வைத்து வேலை வாங்க அரசிடம் எடுக்க வேண்டிய உரிமம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

இதில் பெரிய தவறு பில்டருடையது. ஒப்பந்தப் பத்திரத்தில் ‘தொழிலாளர் சம்பந்தமான எல்லாப் பொறுப்பும் இரண்டாம் நபரையே சாரும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வரி கையெழுத்துப் போட்ட இருவருக்குள் மட்டும்தான் செல்லும், தொழிலாளியைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்ததாரர் கூலி தராமல் போனால் வேலையைக் கொடுத்த முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020-இன் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது மாறவில்லை. பில் பணத்தை வாங்கிக்கொண்டு மேஸ்திரி போனை அணைத்துவிட்டால், சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் பில்டர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பதில் நியாயம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது.

விபத்திலும் இதே கதைதான். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அவர் மேஸ்திரியின் ஆளாகவே இருந்தாலும், இழப்பீட்டை முதன்மை வேலையளிப்பவரிடம் கேட்கலாம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ஆகவே தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். பாலிசி எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள். ‘இருக்கு சார்’ என்ற பதிலுக்குப் பத்துப் பைசா மதிப்பில்லை.

அடுத்தது தலை எண்ணுவதில் வரும் தவறு. பழைய சட்டத்தில் 20 ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் உரிமம் வேண்டும். பணியிடப் பாதுகாப்புச் சட்டம் உள்ளிட்ட மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்த எண்ணிக்கை 50 ஆனது. ‘நம்மிடம் தினம் நாற்பது பேர்தானே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கடந்த 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாள் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருந்தாலே போதும், சராசரிக்கு வேலையில்லை. ரெடிமிக்ஸ் வண்டி போக முடியாத சந்தில் ஸ்லாப் கான்கிரீட் போடும் நாளன்று எத்தனை பேர் நிற்பார்கள் என்பது கட்டடம் கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்ததாரரும் ஒரு சைட்டை மட்டும் எண்ணக் கூடாது. ஆத்தூரில் 20 பேர், ஓமலூரில் 20 பேர், அழகாபுரத்தில் 15 பேர் என்றால் அவரிடம் 55 பேர்.

எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதற்காக ஒரே வேலையைத் தம்பி பெயரில் பாதி, மச்சான் பெயரில் பாதி என்று பிரிப்பது பழைய தந்திரம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு இது புதிதல்ல. அப்புறம், 50-க்குக் கீழே இருந்தால் எதுவுமே வேண்டாம் என்பதும் தப்பு. கட்டுமானப் பணிக்கான பாதுகாப்பு விதிகள் 10 பேர் இருந்தாலே வந்துவிடும். குறைந்தபட்சக் கூலிக்கோ ஆள் கணக்கே கிடையாது. அட்வான்ஸைக் கழிக்கிறேன் என்று வாரக் கூலி முழுவதையும் பிடித்துக்கொள்வதும் செல்லாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது.

சேலத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு, அது தவறான அலுவலகத்துக்குப் போவது. ஊருக்குள் அப்பார்ட்மெண்ட், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை கட்டினால் மாநிலத் தொழிலாளர் துறை. ஆனால் உருக்காலைக்கு உள்ளே ஷெட் போடுகிற வேலை, ரயில்வே கோட்டத்தின் வேலை, மேக்னசைட் சுரங்கத்துக்குள் நடக்கும் வேலை எல்லாம் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் கீழ் வரும். அங்கே வேலை எடுக்கும் ஒப்பந்ததாரரும் அந்த வரம்புக்குள்தான். மாநில உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு உருக்காலை கேட்டில் போய் நின்றால், ஆட்கள் வெளியே உட்கார்ந்திருக்க அன்றைய கூலிதான் நஷ்டம். டெண்டர் போடும்போதே இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொருவர் உரிமத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதும் நடக்கிறது. சப் காண்டிராக்டரும் சட்டத்தின் பார்வையில் ஒப்பந்ததாரர்தான், மேலே இருப்பவரின் உரிமம் அவருக்குச் செல்லாது. புதிய சட்டத்தில் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதற்காக 60 பேருக்கு வாங்கியதில் 90 பேரை வைத்து ஓட்ட முடியாது.

ஏற்காடு வேலைகளில் வேறொன்று. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கித் தினமும் ஆட்களைக் கூட்டிவருவது கட்டுப்படியாகாது என்பதால் ரிசார்ட் கட்டும் இடங்களில் பெரும்பாலும் ஆட்கள் அங்கேயே தங்குகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களும் இருப்பார்கள். தங்குமிடத்துக்கு என்று கூலியில் பிடிப்பது தவறு. கட்டடத் தொழிலாளருக்குத் தற்காலிகத் தங்குமிடம் இலவசமாகத் தர வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. மலைக்குளிரில் நாலு தகர ஷீட்டைச் சாய்த்துவைத்துவிட்டு அதைத் தங்குமிடம் என்று கணக்கில் எழுதுவது என் பார்வையில் கூலியைத் திருடுவதற்குச் சமம். வெளிமாநிலத்தவர் பத்துப் பேர் இருந்தால் தனிப் பிரிவே பொருந்தும், சொந்த ஊருக்குப் போய்வரப் பயணப்படி உட்பட. அவர்களைத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதிவதை ஏஜெண்டிடம் விட்டுவிடாதீர்கள்.

பிளான் அப்ரூவல் வாங்கும்போது ஒரு சதவீத நல நிதி கட்டியதையே உரிமமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகும் பணம், அவ்வளவுதான். அதைக் கட்டியதால் உங்கள் சைட்டில் இருக்கும் கொத்தனார் வாரிய உறுப்பினர் ஆகிவிடமாட்டார். அவர் தனியாகப் பதிய வேண்டும், புதுப்பிக்கவும் வேண்டும்.

கடைசியாக, வருகைப் பதிவேடு. ஆய்வு என்று போன் வந்த பிறகு ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் மூன்று மாதத்தை எழுதி முடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. கூலியை வங்கிக் கணக்கில் போட்டால், எழுதின தேதியும் பணம் போன தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதிகாரிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.