சட்டம் படிக்கலாமா? விண்ணப்பம் போடும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், வாய்ச்சாதுரியம் உள்ள பிள்ளையைப் பார்த்து "இவனை வக்கீலுக்குப் படிக்கவையுங்கள்" என்று சொல்வது திருநெல்வேலிச் சீமையில் பழைய வழக்கம். பட்டிமன்றத்தில் பரிசு வாங்கியவனுக்கும், ஊர்க்கூட்டத்தில் பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்டவளுக்கும் இந்த ஆலோசனை தவறாமல் கிடைக்கிறது. பேச்சுத்திறன் இத்தொழிலுக்கு உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொழிலின் பெரும்பகுதி பேச்சில் நடப்பதில்லை, படிப்பதிலும் எழுதுவதிலும் காத்திருப்பதிலும் நடக்கிறது. ஆகவே சட்டப் படிப்பைத் தன்னால் முடிக்க முடியுமா என்று கேட்பதைவிட, பட்டம் வாங்கிய பிறகு வரும் முதல் ஐந்து ஆண்டுகளைத் தன்னாலும் தன் குடும்பத்தாலும் தாங்க முடியுமா என்று கேட்பதே சரியான தொடக்கம். அதற்கு விடை கல்லூரியின் விளக்கக் குறிப்பேட்டில் கிடைக்காது.

நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள்) போன்ற சில வழக்குகளைத் தவிர, நீதிமன்ற நடவடிக்கைகள் பொதுவாகத் திறந்த அறையில்தான் நடக்கின்றன. பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கோ, உங்களுக்கு அருகில் இருக்கும் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் நீதிமன்றங்களுக்கோ வேலை நாளில் சென்று, கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமரலாம். வாசலில் போலீஸார் கேட்டால் நடவடிக்கைகளைப் பார்க்க வந்திருக்கும் மாணவர் என்று சொல்லுங்கள். தெரிந்த வக்கீலோ குமாஸ்தாவோ உடன் வந்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் போதாது. தொடர்ந்து ஒரு வாரமாவது போக வேண்டும்.

காலை பத்தரை மணிக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நீங்கள் பார்க்கப்போவது இதுதான். பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்களை வரிசையாக அழைக்கிறார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இளம் வக்கீல் எழுந்து, சீனியர் வேறு கோர்ட்டில் இருப்பதாகச் சொல்லி வாய்தா கேட்கிறார். நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டி, இதற்கு முன் எத்தனை வாய்தா கொடுத்திருக்கிறது என்று பார்த்து, "இதுதான் கடைசி வாய்ப்பு" என்கிறார். வெளியே டவாலி (நீதிமன்ற ஊழியர்) பெயரைக் கூப்பிட, வராத கட்சிக்காரருக்காக வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். பதினொன்றரை மணிக்குள் கூட்டம் கலைந்துவிடும். பெரும்பாலான பார்வையாளர்களும் இத்துடன் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்க வேண்டும். ஒரு கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, எந்த ஆண்டு எந்த உத்தரவின்பேரில் பட்டா மாற்றம் செய்தார் என்று ஒரு வக்கீல் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். திரைப்படத்தில் வரும் ஆவேசம் எதுவும் அதில் இராது. ஒரே கேள்வி நான்கு விதமாக வரும். அந்தக் கேள்விகள் எங்கே போய்ச் சேரப்போகின்றன என்று ஊகிக்கத் தோன்றினால் உங்களுக்கும் இத்தொழிலுக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தையே பார்க்கத் தோன்றினால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்குகள் எவ்வளவு காலம் நீள்கின்றன என்பதை இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்க்கலாம். மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, ஐந்தாறு பாகப்பிரிவினை வழக்குகளின் வாய்தா வரலாற்றை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்.

ஒரு பழைய பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்

இது என் அனுபவத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட நம்பத் தகுந்தது. வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம் அல்லது பாகப்பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கால், கன்னடியன்கால் பாசனத்தில் நஞ்சை உள்ள குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பத்திரங்களில் நிலத்தின் அளவு மரக்கால் விதைப்பாட்டில், அதாவது விதைக்கத் தேவைப்படும் நெல்லின் அளவில், இருக்கும், நான்கெல்லையில் இறந்துபோனவர்களின் பெயர்கள் இருக்கும், "மாமூல் நடைபாதை பாத்தியமும் மடைத் தண்ணீர்ப் பாத்தியமும் உட்பட" என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிலத்தின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். பிறகு பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு செண்ட் கூடும் அல்லது குறையும், சர்வே எண்ணின் உட்பிரிவு மாறியிருக்கும், அல்லது வாரிசுகளில் ஒரு மகளின் பெயர் விட்டுப்போயிருக்கும். முரண்பாடு எங்கே தொடங்கியது, அதனால் யாருக்கு என்ன நட்டம் வரலாம் என்பதை ஒரு பக்கத்துக்குள், பத்திரத்தைப் பார்த்திராத ஒருவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

இந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு மூன்று மாலைகள் ஆகும். அதைச் சுமையாக உணராமல், விட்டுப்போன அந்த மகளைப் பற்றி மறுநாளும் யோசித்துக்கொண்டிருந்தவர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். எழுதவே வரவில்லை என்றால் அதைப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டாம், எழுத்தைப் பழக்கிக்கொள்ளலாம். படிக்கவே பிடிக்கவில்லை என்பது வேறு. பிராது, பதிலுரை, பிரமாணப் பத்திரம், நகல் மனு எல்லாமே இந்த வேலையின் நீட்சிதான்.

வருமானத்தைப் பற்றி வெளிப்படையாக

சீனியரிடம் சேர்ந்த புதிதில் கிடைப்பது பல அலுவலகங்களில் பேருந்துச் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். இளம் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் கூறியது. அதே ஆண்டு, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பாகிய இந்திய பார் கவுன்சிலும் இதுகுறித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கை பரிந்துரையாகவே இருப்பதால், மாவட்டத் தலைநகரில் ஒரு சிறு அலுவலகம் நடத்துகிறவர் அந்தத் தொகையைத் தருவார் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. வக்கீலாகப் பதிந்தவர் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பகலில் ஒரு கம்பெனி வேலையும் ஓய்வு நேரத்தில் வக்கீல் தொழிலும் என்ற ஏற்பாடு நடக்காது. தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்வதற்கும், வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதற்கும் தடை உண்டு. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்த இரண்டாவது விதி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதை நீதிமன்ற வளாகத்து டீக்கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எனவே வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்கு எழுதுங்கள். பட்டம் வாங்கும்போது உங்களுக்கு எத்தனை வயது, அப்போது தங்கைக்கோ தம்பிக்கோ படிப்புச் செலவு இருக்குமா, கடன் உண்டா, ஊரிலிருந்து தினமும் போய்வர முடியுமா என்பதையெல்லாம் அதில் சேர்க்க வேண்டும். சீனியரின் அலுவலகம் உயிர்பெறுவது மாலை ஆறு மணிக்கு மேல்தான். கட்சிக்காரர்கள் வருவதும் மறுநாளைக்கான கட்டு தயாராவதும் அந்த நேரத்தில்தான். கடைசிப் பேருந்து எட்டரைக்கு என்றால் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி போய்விடும். பெண்களுக்கு இது இன்னும் கடுமையான தடை. பாளையங்கோட்டையில் தங்கும் ஏற்பாட்டைச் சேரும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கப் பெயர் பெற்ற சீனியரிடம் போகாதீர்கள். அவர் தம் ஆரம்ப நாட்களைப் பொன்னான காலமாகவே நினைவுகூர்வார். பதிவு செய்து இரண்டு மூன்று ஆண்டு ஆன ஜூனியர் ஒருவரைப் பிடித்து, "அண்ணாச்சி, போன மாசம் கைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று நேரடியாகவே கேளுங்கள். நம் பக்கத்தில் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொழி, சாதி, மனச்சாட்சி

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பின்வாங்குவது வழக்கமாக இருக்கிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு; சாட்சியம் பெரும்பாலும் தமிழில்தான் பதிவாகிறது. ஆனால் முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் ஆங்கிலமே வழக்குமொழி. ஆங்கிலம் சரளமாகப் பேச வராதது தடையாகாது. ஒரு தீர்ப்பை அகராதியின் துணையோடு படித்துப் பொருள் கொள்ளும் பொறுமை இல்லாததுதான் தடை. அந்தப் பழக்கம் ஐந்தாண்டில் கைகூடும்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தின் குற்ற வழக்குகளில் கணிசமானவற்றில் சாதி ஒரு தரப்பாகவே நிற்கிறது. உங்கள் சொந்தச் சாதிக்காரர் என்பதற்காகவே ஒருவர் கட்டோடு வருவார். எதிர்த்தரப்புக்கு வாதாடினால் ஊரில் முகம் கொடுக்க மாட்டார்கள். ஒட்டப்பிடாரத்தில் தந்தையும் வக்கீலாக இருந்த குடும்பத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் வாதாடி அதிகாரிகளைப் பகைத்துக்கொண்டு, 1900இல் தூத்துக்குடிக்குப் பெயர வேண்டியிருந்தது. 1908இல் தண்டிக்கப்பட்டபோது வக்கீல் தொழில் செய்வதற்கான அவருடைய உரிமமாகிய சன்னதும் போயிற்று. பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஊரும் உறவும் முகம் சுளிக்கும் ஒரு வழக்கை எடுக்கவோ, உறவினர் கொண்டுவரும் பொய் வழக்கை மறுக்கவோ உங்களால் முடியுமா என்பதைப் படிப்புக்கு முன்பே ஓரளவு யோசித்துவிட வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு நடைமுறை எச்சரிக்கை: ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் வக்கீலாகப் பதிவதற்கு வழக்கறிஞர்கள் சட்டம் தடை விதிக்கிறது, நிலுவையில் உள்ள வழக்கும் பதிவின்போது சிக்கலாகலாம். கொடைவிழாத் தகராறில் கூட்டத்தோடு நின்றதற்காகப் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், கல்லூரியில் சேரும் முன்பே அந்த வழக்கை முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

சேரும் வழிகள்

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் கணக்கில் கொள்ளப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகக் கலந்தாய்வு நடக்கிறது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996இல் தொடங்கப்பட்டது. கட்டணம் குறைவு, வீட்டுச் சாப்பாடு, நடந்துபோகும் தூரத்தில் பார்த்துப் பழக நீதிமன்றம் என்ற வசதிகளை எளிதாக எண்ணிவிட வேண்டாம். பெரிய கார்ப்பரேட் நிறுவனங்களில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும், திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்காகக் கிளாட் என்ற நுழைவுத்தேர்வுக்குத் தயாராவதில் பொருள் உண்டு. வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் பேச்சே வேண்டாம்.

பட்டத்துக்குப் பிறகு பார் கவுன்சிலில் பதிவு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சட்டத்தில் உள்ள பதிவுக் கட்டணமாகிய 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக்கு நிபந்தனையாக வசூலிக்கக் கூடாது. பிறகு அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். நீதிபதி ஆவதற்காகவே சட்டம் படிக்க விரும்புகிறவர்கள், 2025 மே மாதத்துத் தீர்ப்பால் உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் மீண்டும் கட்டாயமாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். அதாவது அவர்களும் மேலே சொன்ன வருமானமில்லாத ஆண்டுகளைக் கடந்தே ஆக வேண்டும். வங்கிச் சட்ட அலுவலர், நிறுவனங்களின் சட்டப் பிரிவு போன்ற சம்பள வேலைகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சென்னைக்கோ பெங்களூருக்கோ போகச் சொல்லும்.

ஒரு வாரம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, பத்திரத்தைப் படித்து, கணக்கும் போட்ட பிறகும் பதினெட்டு வயதில் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை என்றால், ஐந்தாண்டுப் படிப்பில் அவசரமாகச் சேர வேண்டிய கட்டாயமில்லை. பிடித்த பாடத்தில் ஒரு பட்டம் வாங்குங்கள். மாலையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கட்டு அடுக்கவும் தட்டச்சு செய்யவும் இடம் கேளுங்கள். அப்போதும் விருப்பம் குறையாமல் இருந்தால் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஓர் ஆண்டு இதில் பிந்தினாலும், எந்த சீனியரிடம் சேரலாம், யாரிடம் சேரக் கூடாது என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.