குஞ்சைப் பிரிக்கும் நாள் வேறு, பெட்டையைப் பிரிக்கும் நாள் வேறு

தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கூண்டில் காற்றோட்டம் வேண்டும் என்பதெல்லாம் புறா வாங்கிய முதல் வாரத்திலேயே யாருக்கும் புரிந்துவிடும். புதிதாக ஹோமர் (தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறா) வளர்க்க வருபவர்கள் இன்றும் விடாமல் செய்கிற, ஒரு காலத்தில் நாங்களும் செய்த சில தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

பெட்டையைத் தாமதமாகப் பிரிப்பது

‘குஞ்சு தானாகத் தின்னட்டும், 28 நாள் ஆனதும் குஞ்சு, பெட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துக்கொள்ளலாம்.’ பலரும் போடும் கணக்கு இதுதான். புறாவின் உடம்பு இந்தக் கணக்கில் ஓடுவதில்லை. குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆகும்போதே ஜோடி அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். பெரும்பாலான பெட்டைகள் குஞ்சுக்கு 14 முதல் 20 நாளுக்குள் மறுபடி முட்டை வைத்துவிடும். 28ஆம் நாள் கைவைப்பவர் அடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டையைத்தான் தூக்குகிறார்.

முட்டை வருவதற்கு முந்தைய சில நாட்கள்தான் குஞ்சுக்குக் கெட்ட காலம். சேவல் பெட்டையை முட்டை வைக்கும் சட்டிக்கு விரட்டத் தொடங்கும். பெட்டை தீனித் தட்டில் நின்றாலும் விடாது, கொத்திக்கொண்டே பின்னால் போகும். பசியோடு கத்திக்கொண்டு குறுக்கே வரும் குஞ்சின் தலையிலும் கொத்து விழும். உச்சந்தலைத் தோல் உரிந்த 18 நாள் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ‘எலி கடித்துவிட்டது’ என்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பெட்டியில் இரண்டாவது சட்டி வைக்கவில்லை என்றால் புது முட்டையும் பழைய சட்டியிலேயே விழும். குஞ்சுகள் அதை எச்சத்தில் புரட்டி எடுக்கும்.

இறகிலும் சேதம் உண்டு. சிறகின் பெரிய இறகுகள் வேகமாக நீளும் வயது இது. இப்போது ஒரு நாள் சரியாகத் தீனி கிடைக்காவிட்டாலும் இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழும். அந்த இடம் பலவீனம். அந்த இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் வரை கோடு போகாது.

முட்டை உருவாகத் தொடங்கிய பிறகு பெட்டையைப் பிரித்தாலும் முட்டை நிற்காது. பெட்டைகள் அறையின் தரையில் ஒன்று கிடக்கும், ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து இன்னொன்று. பெட்டையும் பெட்டையும் ஜோடி சேர்ந்து மூலையில் அடை உட்காரும். ‘இந்தப் பெட்டை கெட்டுப்போச்சு’ என்று அதை ஒதுக்குவது கடைசிக் கூத்து. பெட்டை ஒழுங்காகத்தான் இருந்தது, நாள்தான் தவறு.

சரியான முறை இது. குஞ்சு பொரித்த தேதியைப் பெட்டிக் கதவில் எழுதிவையுங்கள். 12ஆம் நாளிலிருந்து சேவலைக் கவனியுங்கள். விரட்டல் தொடங்கும் முன்பே, 14 முதல் 16 நாளுக்குள், பெட்டையை எடுத்துவிடுங்கள். சேவலை எடுத்துவிட்டுப் பெட்டையை விடக் கூடாது. இந்த வயதில் ஊட்டும் வேலையில் பெரும்பங்கு சேவலுடையது. குஞ்சுக்கும் இறகு வந்திருக்கும், இரவில் அணைப்புத் தேவைப்படாது.

அறையில் உள்ள எல்லாப் பெட்டைகளையும் ஒரே நாளில் எடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் மற்ற சேவல்கள் அந்தப் பெட்டிக்குள் நுழையும், சண்டையில் மிதிபடுவது குஞ்சு. எல்லா ஜோடியையும் ஒரே நாளில் சேர்ப்பதே இதற்காகத்தான். அப்போதுதான் பொரிப்பும் இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் முடியும். எடுத்த பெட்டைகள் சேவல் கண்ணில் படாத, குரல் எட்டாத அறையில் இருக்கட்டும். அங்கே சட்டி, பெட்டி, இருட்டு மூலை எதுவும் வேண்டாம். ஒரு பறவைக்கு மேல் நிற்க முடியாத சிறு தாங்கிகள் போதும். தீனியில் பார்லியைக் கூட்டி, பயறு வகைகளைக் குறையுங்கள்.

தனிச் சேவல் இரண்டு குஞ்சை வளர்க்குமா? வளர்க்கும், கொஞ்சம் உதவினால். பெட்டை போன அன்றே பெட்டிக்குள் தட்டைக் கிண்ணத்தில் சிறு தானியமும் தண்ணீரும் வையுங்கள். தகப்பன் கொத்துவதைப் பார்த்துக் குஞ்சும் கொத்தப் பழகும். மாலையில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்; காலியாக இருந்தால் ஊறவைத்த பட்டாணி 25, 30 கையால் ஊட்டுங்கள்.

நாளை மட்டும் எண்ணிக் குஞ்சைப் பிரிப்பது

பொதுவாக 24 முதல் 28 நாள். ஆனால் முடிவு செய்ய வேண்டியது சிறகின் அடிப்பக்கம். தூக்கிப் பாருங்கள்: இறகு முழுதாக மூடியிருந்தால் பிரிக்கலாம், வெறுந்தோலோ உறை விடாத முள் இறகோ தெரிந்தால் இன்னும் இரண்டு நாள். ஒரே சட்டியில் பொரித்த இரண்டும் ஒரே நாளில் தயாராக வேண்டும் என்று இல்லை. 35 நாள் வரை விட்டுவைத்தால் வேறு தொல்லை: தட்டு நிறையத் தீனி இருக்கும், குஞ்சு தகப்பன் பின்னாலேயே கத்திக்கொண்டு திரியும்.

பிரித்த அன்று ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்துவிடுங்கள், மூக்குத்துளை முழுகாமல். தண்ணீர் இருக்கும் இடம் தெரியாத குஞ்சு தீனியையும் சரியாகத் தொடாது.

ரிங்

குஞ்சின் காலில் அடையாள வளையம் போடுவது 5 முதல் 8 நாளுக்குள். முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு மடக்கி வெளியே எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஏறாது.

தொண்டையில் மஞ்சள் கட்டி வந்த பிறகு மருந்து தேடுவது

இந்தக் கட்டியை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் புறாப்பாலோடு, அதாவது தாயும் தகப்பனும் தீனிப்பையில் சுரந்து ஊட்டும் பாலோடு, குஞ்சுக்குப் போகிறது. அதனால் பெரிய பறவைகளின் தொண்டைச் சளியை ஜோடி சேர்க்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதியுங்கள்.

பறக்கத் தெரிந்த பிறகு வெளியே காட்டுவது

வலு ஏறிய சிறகோடு முதல்முறை வானத்தைப் பார்க்கும் குஞ்சு மிரண்டு எழுந்தால் திரும்பும் வழி தெரியாது. பிரித்த சில நாட்களிலேயே, இறங்குபலகை மேல் கம்பிக் கூண்டு வைத்து, தினமும் ஒரு மணி நேரம் சுற்றுப்புறத்தைப் பார்க்க விடுங்கள். பிறகு மாலையில், தீனிக்கு முன், பசியோடு கதவைத் திறங்கள். பெரிய புறாக்களோடு சேர்த்து விடாதீர்கள். அவை எழுந்தால் இவையும் எழும். காற்று பலமாக அடிக்கும் நாளில் திறக்கவே வேண்டாம்.

பிரித்த குஞ்சுகளைச் சேவல்கள் அறையில் விடுவது

கூடாது.