வீட்டுப் பிரசவத்தின் காரணத்தைக் கேட்டறிவது எப்படி

கிராமத்தில் ஒரு பெண் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள் என்ற செய்தி வந்ததும், பதிவேட்டில் "அறியாமை" என்று எழுதி முடித்துவிடும் வழக்கத்தைச் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் கைவிட வேண்டும். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. திருத்த வேண்டியது பிரசவ அறையில் இருக்கும்போது, பழியைத் தாயின் மேல் போட்டுவிடுகிறது.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?" என்று தொடங்கினால் குற்றம் சாட்டுவதாகவே அவருக்குப் படும். மாறாக, "வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறந்தது வரை என்னென்ன நடந்தது, சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். வலி இரவில் எடுத்ததா, வண்டிக்குச் சொன்னது யார், கையில் பணம் இருந்ததா, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததா என்பவை அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். மாமியாரிடமும் மருத்துவச்சியிடமும் தனித்தனியே பேசுங்கள். தலைச்சன் பிள்ளையை மருத்துவமனையிலும் அடுத்ததை வீட்டிலும் பெற்றவர் கிடைத்தால் அவரிடம் கூடுதல் நேரம் செலவிடுங்கள். அவர் இரண்டையும் அறிந்து தேர்ந்தவர்.

கிடைத்த விடைகளைப் பகுத்துப் பார்க்க, செரீன் தாடியஸ், டெபோரா மேன் ஆகிய ஆய்வாளர்கள் 1994-இல் முன்வைத்த மூன்று தாமதங்கள் உதவும்: போவதென முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றுள் மூன்றாவதே முதலாவதை உண்டாக்குவதும் உண்டு. ஒருத்தி மருத்துவமனையில் பட்ட அவமதிப்பு ஊர் முழுவதும் பரவி, அடுத்தவளின் முடிவைத் தள்ளிப்போடுகிறது.

பெரு நாட்டின் அயகுச்சோ பகுதியில், கெச்சுவா மொழி பேசும் மலைக் கிராமங்கள் அடங்கிய சாந்தில்யானா மாவட்டத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அங்கே பெண்கள் குத்துக்காலிட்டோ எதையேனும் பற்றிக்கொண்டோ, உறவினர் சூழப் பிள்ளை பெற்று வந்தனர். சுகாதார நிலையத்திலோ தங்களுக்குப் புரியாத ஸ்பானிய மொழியைக் கேட்டபடி மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. ஊராரும் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் கலந்து பேசி, பற்றிக்கொள்ளக் கயிறும் உட்காரப் பலகையும் வைத்தனர், குடும்பத்தாரையும் மருத்துவச்சியையும் உள்ளே அனுமதித்தனர், கெச்சுவாவில் பேசினர். 1999-இல் 6 விழுக்காடாக இருந்த சுகாதார நிலையப் பிரசவம் 2007-இல் 83 விழுக்காடாயிற்று. பிரசவத்துக்குப் பின் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும் என்பதால், இந்த மாற்றத்தை வசதிக்காகச் செய்தது என்று மட்டும் எண்ண வேண்டாம்.

தூரமும் ஆறும் தடையாக உள்ள இடத்தில் அறிவுரை பயன் தராது. நாள் நெருங்கும்போதே தாய் வந்து தங்க, சமைத்துச் சாப்பிடவும் துணைக்கு ஒருவர் இருக்கவும் இடமுள்ள காத்திருப்பு அறை வேண்டும். வீட்டில் விட்டுவரும் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் யார் பார்ப்பார்கள் என்பதைக் குடும்பத்தாரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

பிறகு, எட்டாம் மாதக் கர்ப்பிணிகளை மாமியாரோடு அழைத்துச் சென்று பிரசவ அறையைக் காட்டுங்கள். அங்கே எதை மாற்றினால் வருவார்கள் என்று கேட்டு, அதை மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மாற்றம் நடந்ததும் அதே பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள்.