லேபர் டே முடிந்த பிறகு வெள்ளை உடுத்தலாமா? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே (தொழிலாளர் தினம்) முடிந்ததும் வெள்ளை உடையை எடுத்து வைத்துவிடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், நியூபோர்ட் போன்ற கடலோர ஊர்களில் வெள்ளை லினனில் கோடையைக் கழித்த செல்வந்தர்கள், நகரம் திரும்பியதும் அடர் நிறங்களுக்கு மாறினார்கள். அந்தப் பழக்கமே பிறகு விதியாக இறுகியது என்பது பரவலான விளக்கம்.

1. தேதியைக் குறியுங்கள். மே மாதக் கடைசித் திங்கள் (மெமோரியல் டே) முதல் செப்டம்பர் முதல் திங்கள் (லேபர் டே) வரை வெள்ளைக்குத் தடையில்லை. 2026இல் இது மே 25 முதல் செப்டம்பர் 7 வரை. தென் மாநிலங்களில் ஈஸ்டருக்கே தொடங்கிவிடுவார்கள்.

2. எதற்குப் பொருந்தும்? வெள்ளை ஷூ, பேன்ட், ஸ்கர்ட், கோட்சூட். வெள்ளைச் சட்டைக்கும் மணப்பெண்ணுக்கும் எந்த மாதமும் விலக்கு. தீபாவளிக்கு வேட்டி கட்டுவதை இந்த விதியோடு சேர்க்கவே வேண்டாம். ஆனால் அமெரிக்கக் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகும்போது கோடையிலும் வெள்ளை, க்ரீம் நிறப் புடவையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அந்த நிறம் மணப்பெண்ணுக்கு உரியது.

3. துணியைப் பாருங்கள். அமெரிக்காவில் நடத்தை, உடை மரபுகளைச் சொல்லித்தரும் எமிலி போஸ்ட் இன்ஸ்டிட்யூட்டே இன்று வெள்ளையை ஆண்டு முழுவதும் அனுமதிக்கிறது. பருவத்துக்கு ஏற்ற துணியாக இருந்தால் போதும். எங்கள் கருத்தும் அதுதான். அக்டோபரில் உறுத்துவது நிறமல்ல, மெல்லிய துணி. லினன், சீர்சக்கர் (சுருக்கம் விழுந்த மெல்லிய கோடைத் துணி), மெல்லிய பருத்தி ஆகியவற்றை உள்ளே வையுங்கள். கம்பளி, ஃப்ளானல், கார்டுராய், தடித்த டெனிம் ஆகியவற்றை வெளியே எடுங்கள். ஜீன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் எடை இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பாக்கெட் துணி வெளியே தெரியும். உள்ளாடை தோல் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை உள்ளாடைதான் அதிகம் தெரியும்.

4. சேர்க்கை. பனிக்காலத்துக்கு யானைத் தந்தத்தின் நிறமும் க்ரீமும் பொருத்தம். பளீர் வெள்ளையை க்ரீமுக்குப் பக்கத்தில் போட்டால் க்ரீம் அழுக்கேறியதுபோல் தெரியும். நடுவே சாம்பலோ ஒட்டக நிறமோ கொடுத்துப் பிரியுங்கள்.

5. ஷூ. பனி உருகத் தெருவில் தூவும் உப்பு வெள்ளைத் தோலில் வரிவரியாகப் படியும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அன்றைக்கே ஈரத்துணியால் துடையுங்கள்.

6. எடுத்து வைப்பது. சுத்தமாகத் தெரிந்தாலும் துவைக்காமல் வைக்காதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் எண்ணெயும் மே மாதத்துக்குள் மஞ்சளாகும். பருத்தியையும் லினனையும் ஆக்சிஜன் ப்ளீச்சில் ஊறவைத்து, சோப்பு போக இருமுறை அலசுங்கள். குளோரின் ப்ளீச் கம்பளியை அரிக்கும், ஸ்பாண்டெக்ஸை (இழுபடும் செயற்கை இழை) மஞ்சளாக்கும். கஞ்சி வேண்டாம், பூச்சி வரும். முழுக்க உலர்ந்ததும் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிவிடும்.